மூணாவது அமுக்குல பாடுற பெட்டி: ரிமோட் கண்ட்ரோலின் கதை

இன்னைக்கு எபிசோட் எங்க அப்பாவோட ஒரு பொத்தானைப் பத்தினது. அதை ரிப்பேர் பண்ணப் போய் 1950கள் வரைக்கும் பின்னாடி போக வேண்டியதாயிடுச்சு. அதனால இது வரலாற்று எபிசோட்தான், பயப்படாதீங்க.

அப்பா மதுரையில டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல டெக்னீஷியனா வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூணு வருஷமா கை நடுக்கம் இருக்கு. காலையில ஆறு மணிக்கு காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் கேட்கணும், அதுதான் அவர் நாளோட ஆரம்பம். என் முதல் போனஸ்ல வாங்கிக் கொடுத்த ஹோம் தியேட்டர் ரிசீவர் ஹால்ல இருக்கு. (ரிசீவர்னு நான் சொன்னப்ப அவர் போனைத்தான் எடுத்தார். எக்ஸ்சேஞ்ச்காரருக்கு ரிசீவர்னா வேற ஒண்ணு கிடையாது.) அதோட ரிமோட்ல அம்பது பொத்தான் இருக்கும், ஒவ்வொண்ணும் மிளகு சைஸ். அவரால அமுக்க முடியல. அமுக்கினாலும் விரல் நடுங்கி ரெண்டு தடவை பட்டுடும். பவர் பொத்தான் ஒரு தடவை பட்டா ஆன், ரெண்டாவது தடவை பட்டா ஆஃப். பெட்டி கண்ணைத் திறந்து உடனே மூடிக்கும்.

அதனால போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, உள்ளங்கை அளவு சிவப்புப் பொத்தான் ஒண்ணை மரப்பெட்டியில பதிச்சு, உள்ள ஒரு ராஸ்பெர்ரி பை வெச்சு, வீட்டு நெட்வொர்க் வழியா ரிசீவரோட பேச வெச்சேன். அமுக்கினா ஆன் ஆகும், சரியான இன்புட்டுக்கு மாறும், வால்யூம் ஒரு அளவுக்கு வந்து நிக்கும். மூணு கட்டளை, இருபது வரி பைத்தான். அவருக்கு ஒரே சந்தோஷம். நான் பெங்களூரு திரும்பிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அம்மா போன்ல சொன்னாங்க, அப்பா மறுபடி பழைய டிரான்சிஸ்டரையே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்னு. ஏம்ப்பான்னு கேட்டா, "அது நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா சில நாள் மூணாவது தடவ அமுக்குனாத்தான் பாடுது. சில நாள் பாடவே மாட்டேங்குது. பரவால்ல விடு, நீ வேலையப் பாரு"ன்னார். புகார் சொன்னாக்கூட சரி பண்ணிடலாம், பரவால்லன்னு சொல்லிட்டா என்ன பண்றது? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

சரி, இப்ப பின்னாடி போவோம்.

அமெரிக்காவுல சிகாகோ பக்கம் ஜெனித்னு ஒரு கம்பெனி. 1950ல டிவிக்கு ஒரு ரிமோட் கொண்டு வந்தாங்க, பேரு லேஸி போன்ஸ். சோம்பேறின்னு அர்த்தம். டிவியிலிருந்து சோபா வரைக்கும் கேபிள் ஓடும். அது காலைத் தட்டி விட்டுச்சுன்னு ஜனங்க திட்டினாங்க. 1955ல யூஜின் பாலின்னு ஒரு இன்ஜினியர் கேபிள் இல்லாம ஒண்ணு பண்ணினார், ஃப்ளாஷ்மேடிக். துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச். டிவி திரையோட நாலு மூலையிலும் ஒளி உணரும் கண்கள் இருக்கும், எந்த மூலையில வெளிச்சம் அடிக்கிறோமோ அந்த வேலை நடக்கும். பிரமாதமான ஐடியா, ஆனா ஜன்னல் வழியா வெயில் வந்தா அதுவே சேனலை மாத்திடும்.

அடுத்த வருஷம், 1956ல, அதே கம்பெனியில ராபர்ட் ஆட்லர். வியன்னாவுல பிறந்த இயற்பியல்காரர். அவர் பண்ணின ஸ்பேஸ் கமாண்ட் ரிமோட்டுக்குள்ள பேட்டரியே கிடையாது. பொத்தானை அமுக்கினா சின்னச் சுத்தியல் ஒண்ணு அலுமினியக் கம்பியைத் தட்டும். கம்பி மனுஷக் காதுக்குக் கேட்காத உச்ச ஸ்தாயியில ஒலிக்கும். நாலு கம்பி, நாலு சுருதி, நாலு வேலை. ஏன் பேட்டரி வேண்டாம்னாங்க தெரியுமா? விற்பனைக்காரங்க சொன்ன காரணம் இது: பேட்டரி தீர்ந்தா ஜனங்க ரிமோட்டைத் திட்ட மாட்டாங்க, டிவியே கெட்டுப்போச்சுன்னு நினைச்சுப்பாங்க. இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்தது. எங்க அப்பாவும் பொத்தானைத் திட்டல. பெட்டியைத்தான் ஒதுக்கி வெச்சார்.

அந்தச் சுத்தியல் 'க்ளிக்'குன்னு ஒரு சத்தமும் போடும். அதனாலதான் அமெரிக்காவுல ரிமோட்டுக்கு இன்னைக்கும் க்ளிக்கர்னு பேரு. கட்டளை போச்சுன்னு கைக்கும் காதுக்கும் தெரியும், நடந்துச்சான்னு கண்ணு பார்த்துக்கும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அதுக்கப்புறம் வந்ததுதான் நமக்குத் தெரிஞ்ச இன்ஃப்ராரெட் ரிமோட். பிலிப்ஸ் கம்பெனியோட ஆர்சி-5 முறையில ஒரு கட்டளைக்கு 14 பிட், 36 கிலோஹெர்ட்ஸ் அலையில ஏத்தி அனுப்புவாங்க. அந்த 14ல ஒரே ஒரு பிட்டுக்கு டாகிள்னு பேரு. நீங்க பொத்தானை விட்டு மறுபடி அமுக்கினா அது மாறும், பிடிச்சுக்கிட்டே இருந்தா மாறாது. ஒரே அமுக்கா ரெண்டு அமுக்கான்னு டிவி அப்படித்தான் கண்டுபிடிக்குது. நடுங்குற விரலை அந்தப் பிட் காப்பாத்தாது. விரல் நிஜமாவே விட்டு விட்டுத்தானே அமுக்குது.

இன்ஃப்ராரெட் ஒருவழிப் பாதை. டிவி பதில் சொல்லாது. ஆனாலும் உலகத்துல யாரும் ரிமோட்டை நம்ப முடியலன்னு புலம்பல. ஏன்னா வேலை நடக்கலன்னா நாம பார்க்கிறோம், கையை நீட்டி மறுபடி அமுக்குறோம். பிழை திருத்துற மென்பொருள் நம்ம தலைக்குள்ள ஓடுது.

அடுத்து இன்னொரு கிளை. பெரிய வீடுகள், ஹோட்டல், கான்ஃபரன்ஸ் ஹால் எல்லாத்துலயும் விளக்கு, திரை, ஆடியோன்னு ஒரே பலகையில கட்டுப்படுத்துற ஏற்பாடு செய்றவங்க வந்தாங்க. க்ரெஸ்ட்ரான், ஏஎம்எக்ஸ் மாதிரி கம்பெனிகளோட சாதனங்களைப் பொருத்துறவங்க. அவங்களுக்கு இன்ஃப்ராரெட் போதாது, பதில் வேணும். அதுக்காக ரிசீவர் பண்றவங்க பின்பக்கத்துல ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் வெச்சாங்க. அது 1960ல வந்த தரநிர்ணயம், டெலிபிரிண்டர், மோடம் காலத்துச் சரக்கு. நான் இசிஇ படிச்சப்ப லேப் ரெக்கார்டுல அந்த ஒன்பது முனைக் கனெக்டரை அழகா வரைஞ்சு மார்க் வாங்கினேன். எந்த முனை என்ன பண்ணும்னு அன்னைக்கும் தெரியாது.

இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுல 'நான் உயிரோட இருக்கேன், தயாரா இருக்கேன்'னு சொல்றதுக்குன்னே தனிக் கம்பிகள் உண்டு. எதிர்ப்பக்கம் கரண்ட் போச்சுன்னா அந்தக் கம்பியில வோல்டேஜ் விழுந்துடும், உடனே தெரிஞ்சுடும். ஆனா ஆடியோ பெட்டிகள்ல பெரும்பாலும் அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு, கிரவுண்ட் ஒண்ணுன்னு மூணு கம்பியோட நிறுத்திக்கிட்டாங்க. ஒரு முனையில ஒரு கன்ட்ரோலர், மறுமுனையில ஒரு ரிசீவர், நடுவுல ஒரு கேபிள். மூணாவது ஆள் நுழைய வழியே இல்ல.

2000களில் ரிசீவருக்கு ஈதர்நெட் வந்தது. இன்ஜினியர்கள் என்ன பண்ணினாங்க? நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன். சீரியல் மொழியை அப்படியே எடுத்து டிசிபி இணைப்புக்குள்ள ஊத்திட்டாங்க. டெனான் பெட்டிகள் 23ஆம் போர்ட்ல கேட்கும். அது டெல்நெட்டோட போர்ட், டெல்நெட் 1969லயே பிறந்தது. ஆன் பண்ண பி, டபிள்யூ, ஓ, என்னு நாலு எழுத்து, கடைசியில ஒரு கேரேஜ் ரிட்டர்ன். ஆன்கியோ தன் சீரியல் கட்டளைக்கு முன்னாடி 16 பைட் தலைப்பு ஒண்ணை ஒட்டி 60128ஆம் போர்ட்ல வெச்சது. யமஹா 50000. மொழி மாறல, கேபிள்தான் மாறிச்சு.

கூடவே பழைய பழக்கங்களும் வந்தன. டெனானோட ஆவணத்துல கட்டளைகளுக்கு நடுவுல 50 மில்லிசெகண்டாவது விடுங்க, பவர் ஆன் பண்ணினா அடுத்த கட்டளைக்கு ஒரு செகண்ட் பொறுங்கன்னு இருக்கு. என் இருபது வரி கோட் மூணு கட்டளையையும் ஒரே மூச்சுல தள்ளிச்சு. எங்க வீட்டுப் பெட்டியும் இதே வம்சம்தான். கம்பெனி பேர் வேண்டாம், தப்பு முக்கால்வாசி என்னோடது. தூக்கத்துலேருந்து எழுந்திரிக்கிற பெட்டிக்கு ரெண்டாவது, மூணாவது கட்டளை காதுல விழல. ஆன் ஆகும், ஆனா போன ராத்திரி பார்த்த டிவி இன்புட்லயே நிக்கும். இது சின்ன வியாதி. அப்பா சொன்ன 'மூணாவது தடவ' வேற வியாதி.

அந்த மூணு எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது. எதேச்சையாப் பழுதாகிற பொருள் ஏன் கரெக்டா மூணாவது தடவை வேலை செய்யணும்? எந்த நாள்ல அப்படி ஆகுதுன்னு குறிச்சு வைக்கச் சொன்னேன். காலண்டர் தாள்ல எழுதி போட்டோ அனுப்பினார். பார்த்தா, எல்லாமே முந்தின நாள் கரண்ட் கட் ஆன நாள்கள்!

இப்ப 1981க்குப் போகணும். டிசிபியோட வரையறை ஆவணம், ஆர்எஃப்சி 793, ஜான் போஸ்டல் தொகுத்தது. அதுல பாதி திறந்த இணைப்புன்னு ஒரு பகுதி இருக்கு. ஒரு பக்கம் செத்து மறுபடி எழுந்துடுச்சு, மத்தப் பக்கத்துக்கு அது தெரியாது, இணைப்பு இருக்குன்னே நினைச்சுக்கிட்டிருக்கு. டிசிபிக்குத் தனியா 'நான் இருக்கேன்' கம்பி கிடையாது. ரெண்டு பேரும் பேசாம இருந்தா, நடுவுல ஒயரை வெட்டினாலும் இணைப்பு உயிரோட இருக்கிறதாத்தான் கணக்கு. உயிர் இருக்கான்னு தட்டிப் பார்க்கிற கீப்-அலைவ் ஏற்பாடு உண்டு. ஆனா 1989ல வந்த ஆர்எஃப்சி 1122 அதை, கேட்டாலொழிய போடாதே, போட்டாலும் இயல்பான இடைவெளி ரெண்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாதுன்னு சொல்லுது. லினக்ஸ்ல இன்னைக்கும் 7200 செகண்ட்.

எங்க வீட்ல ரூட்டரும் பையும் இன்வெர்ட்டர்ல இருக்கு. ரிசீவர் இல்ல, லோடு தாங்காது. கரண்ட் போச்சுன்னா ரிசீவர் எல்லாத்தையும் மறந்துடும். பை எதையும் மறக்காது. காலையில அப்பா முதல் தடவை அமுக்குறார். என் கோட் பழைய இணைப்புல எழுதுது, ஆபரேட்டிங் சிஸ்டம் 'சரி'ங்குது. சரின்னா 'வாங்கி வெச்சுக்கிட்டேன்'னுதான் அர்த்தம், போய்ச் சேர்ந்துச்சுன்னு இல்ல. கட்டளை ரிசீவருக்குப் போகுது, 'யார் நீ, உன்னைத் தெரியாதே'ன்னு ரீசெட் திரும்பி வருது. ரெண்டாவது அமுக்கு: இந்த முறை எழுதும்போதே பிழை. என் கோட் அந்தப் பிழையைப் பிடிச்சு, லாக்ல எழுதி, புது இணைப்பு போடுது. ஆனா கட்டளையை மறுபடி அனுப்பணும்னு நான் எழுதல. மூணாவது அமுக்கு: புது இணைப்பு, பாட்டு. அப்பா எண்ணினது துல்லியமா சரி.

'பாடவே மாட்டேங்குது' நாள்கள் இதோட கண்ணாடி பிம்பம். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு பையோட ஒயர் கழண்டுடும். இப்ப மறந்தது பை, நினைவுல வெச்சிருக்கிறது ரிசீவர். இந்த மாதிரி பெட்டிகள் பலதும் சீரியல் கேபிள் ஞாபகத்துல ஒரே ஒரு இணைப்பைத்தான் ஏத்துக்கும். செத்துப்போன பழைய ஆளுக்காக நாற்காலியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, வாசல்ல நிக்கிற புது ஆளை உள்ள விடாது. அம்மா ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க: "வால்யூமைக் கையால ஒரு திருகு திருகினா சரியாயிடும்." நான் மூடநம்பிக்கைன்னு சிரிச்சேன். அப்புறம் யோசிச்சா, அது நூத்துக்கு நூறு சரி. வால்யூம் மாறினா ரிசீவர் அந்தச் செய்தியைப் பழைய இணைப்புக்கு அனுப்பும். பை 'யார் நீ'ன்னு ரீசெட் கொடுக்கும். நாற்காலி காலியாயிடும். அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்.

இப்ப இருக்கிற கோட் இருநூறு வரிக்கு மேல. ரிசீவரோட பேசுறது ஒரே ஒரு புரோகிராம்தான், என் போன் உள்பட மத்த எல்லாரும் அதுகிட்டதான் கேட்கணும். முப்பது செகண்டுக்கு ஒரு தடவை 'பவர் நிலை என்ன?'ன்னு ரிசீவர்கிட்ட கேட்கும். ரெண்டு செகண்ட்ல பதில் வரலன்னா இணைப்பை மூடிட்டுப் புதுசு போடும். பொத்தானை அமுக்கினா 'ஆன்'னு அனுப்பி, ரிசீவர் 'ஆன்'னு பதில் சொல்ற வரைக்கும் காத்திருந்து, ஒரு செகண்ட் விட்டு இன்புட், அதுக்குப் பதில் வந்ததும் வால்யூம். பதில் வரலன்னா மறுபடி. எல்லாமே 'இந்த நிலைக்குப் போ'ங்கிற கட்டளைகள், 'மாத்து'ங்கிற கட்டளை ஒண்ணுகூட இல்ல. அதனால அப்பா பத்து தடவை அமுக்கினாலும் ஆன் ஆன்தான். ரிசீவரோட ஐபியை ரூட்டர்ல நிலையாக் கட்டினேன், ஸ்டாண்ட்பைலயும் நெட்வொர்க் விழிச்சிருக்கணும்னு ரிசீவர் மெனுவுல மாத்தினேன். பையோட ஒயரை அம்மா செல்லோடேப் போட்டு ஒட்டிட்டாங்க.

பொத்தான்ல ஒரு ரிலேவும் சேர்த்தேன். அமுக்கின உடனே 'டக்'. அது எதையும் ஸ்விட்ச் பண்ணாது, சத்தத்துக்கு மட்டும்தான். ஆட்லருக்கு ஒரு வணக்கம்னு வெச்சுக்குங்க.

முப்பது செகண்ட் விஷயத்தை அப்பாகிட்ட விளக்கினப்ப அவர் கொஞ்சங்கூட அசரல. "எக்ஸ்சேஞ்ச்ல தினமும் காலைல டெஸ்ட் டெஸ்க்ல உட்கார்ந்து ஜங்ஷன் லைன் ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்ப்போம்மா. யாராவது கம்ப்ளெய்ன்ட் பண்ணட்டும்னு உட்கார்ந்திருந்தா என்னத்துக்கு ஆகுறது?"ன்னார். இதை எனக்கு ஜனவரியிலேயே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். நீ கேட்கலையேன்னார்.

அஞ்சு வாரம் ஆச்சு. நேத்து அம்மா போன் பண்ணினாங்க, பின்னாடி நாதஸ்வரம் கேட்டுச்சு. சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்காம், காலைல ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுல முகம் சுளிக்கிறாங்களாம். வால்யூமை ரெண்டு புள்ளி குறைக்கணும். இந்த ரெக்கார்டிங் முடிச்சுட்டு அதைத்தான் பண்ணப் போறேன்.