முக்கால் மீட்டர் ஒயர்

சென்னை வானொலியின் கதையை 1938 ஜூன் 16-இல் தொடங்குவதுதான் வழக்கம். அன்றுதான் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பேச ஆரம்பித்தது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் பிரிவுக்கு வாத்தியாராக இருந்த காலம் முழுக்க நான் அந்தத் தேதியைப் பாடத்தின் நடுவில்தான் வைப்பேன். முதல் நாள் வகுப்பு சி.வி. கிருஷ்ணசாமி செட்டிக்கு.

அவர் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டினார். அவர் முயற்சியில் 1924 மே 16-இல் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் பிறந்தது. எழும்பூர் ஹாலோவேஸ் தோட்டத்தில் இடம். ஜூலை 31-இல் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. சக்தி 40 வாட். அந்தக் காலத்துத் தாழ்வாரத்தில் எரிந்த குண்டு பல்புக்கு உள்ள அளவுதான். பிறகு 200 வாட் ஆக்கினார்கள். மாலை வேளையில் சங்கீதம், பேச்சு. பம்பாய் ரேடியோ கிளப் இவர்களுக்கு ஒரு வருடம் முந்திக்கொண்டது உண்மைதான். ஆனால் நாட்டில் முறையான ஒலிபரப்புக் கம்பெனி என்று ஒன்று பம்பாயில் தொடங்கியது 1927 ஜூலை 23-இல். அதற்கு மூன்று வருடம் முன்பே இங்கே ஆர்வலர்கள் சந்தா வசூலித்து ஒரு நிலையத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

சந்தா போதவில்லை. 1927 அக்டோபரில் கிளப் கடையைக் கட்டியது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சி அதை வைத்து ஒலிபரப்பியது. கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டி, செட் வாங்க வழியில்லாதவர்களும் கேட்கும்படி செய்தார்கள். ஒரு நகராட்சி சொந்தமாக ரேடியோ நடத்தியது என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை.

சரி, அதன்பின் ஏன் வீட்டுக்கு வீடு ஒரு செட்டி தோன்றவில்லை? சட்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முதலில் தோன்றுவது ஏரியல். செட்டியின் காலத்து ஒலிபரப்பு மீடியம் வேவ். அலையின் நீளம் 300 மீட்டர் என்று வையுங்கள். அதில் கால் பங்கு நீளம் இருந்தால் ஏரியல் நன்றாக வீசும். அதாவது 75 மீட்டர் கம்பி. தென்னை மரத்தோடு தென்னை மரத்தைக் கட்டினாலும் எட்டாது. அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற எஃப்.எம். முறை பின்னாளில் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிலைகொண்டது. அங்கே அலையின் நீளம் 3 மீட்டர்தான். கால் பங்கு, 75 சென்டிமீட்டர். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிடலாம்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்ததும் மீதித் தடையும் நீங்கியது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கண்டென்சர் மைக், எனாமல் கம்பியை ட்ரில் பிட்டின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி எடுத்த காயில், பக்கத்தில் ஒரு டிரிம்மர், 9 வோல்ட் பேட்டரி. ரிச்சித் தெருவில் நின்ற இடத்திலேயே எல்லாம் கிடைக்கும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே நாலைந்து பிக்கோஃபாரட்டில் ஒரு டிஸ்க் கெபாசிட்டரை வைத்தால் சர்க்யூட் தானாக அலையத் தொடங்கும். மைக்கில் பேசும்போது டிரான்சிஸ்டரின் உள் கெபாசிட்டன்ஸ் குரலுக்குத் தக்கபடி கூடிக் குறையும். அதோடு அலைவரிசையும் கூடிக் குறையும். எஃப்.எம். என்பது அவ்வளவே. கையைக் கிட்டே கொண்டுபோனால் ஸ்டேஷன் நகர்ந்துவிடும், பேட்டரி இறங்கினாலும் நகரும். பையன்கள் ஆளுக்கு ஒரு ரேடியோவை எடுத்துக்கொண்டு வராந்தாவில் பின்வாங்கிப் பின்வாங்கிக் கேட்பார்கள். ஐம்பது, நூறு மீட்டரில் இரைச்சல் விழுங்கிவிடும்.

இதை ரெக்கார்டு நோட்டில் எழுத வைக்க எனக்கு வழியில்லாமல் இருந்தது. 1933-இல் வெள்ளைக்காரன் போட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் அலைக்கருவியைக் கையில் வைத்திருப்பதே அப்போது குற்றம். கேட்கும் பெட்டிக்கே போஸ்ட் ஆபீசில் வருடா வருடம் பணம் கட்டிய காலத்து ஆள் நான். கேட்கும் பெட்டிக்கான அந்த லைசென்ஸை 1980-களில் எடுத்துவிட்டார்கள். பேசும் பெட்டியின் மேல் உள்ள பயம் மட்டும் போகவில்லை.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. உலகப்போர் வந்ததும் அமெச்சூர் லைசென்ஸ்களை ரத்து செய்தார்கள். 1942-இல் பம்பாயில் உஷா மேத்தாவும் கூட்டாளிகளும் ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரிலிருந்து காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, போலீஸ் பிடிக்கும்வரை, வீடு மாற்றி வீடு மாற்றி. வெள்ளைக்காரன் பயந்ததில் நியாயம் உண்டு. சுதந்திர அரசாங்கமும் அதே சட்டத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டதுதான் எனக்கு உறுத்தும். இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும்: எஃப்.எம். பட்டை முடியும் 108 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஆகாய விமானங்களின் அலைவரிசை. தறிகெட்டுச் சுற்றிய காயில் அங்கே போய் நுழைந்தால் விளையாட்டில்லை. கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நாட்டின் முதல் எஃப்.எம். சேவையும் சென்னையில்தான், 1977 ஜூலை 23-இல். பிடிக்கத்தான் நம்மிடம் செட் இல்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி வந்தது. ஆனால் 2006-இல் பீகார் வைசாலி மாவட்டத்தின் மன்சூர்பூரில் நடந்ததை நான் அதைவிட அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ராகவ் மஹதோ என்ற ரேடியோ மெக்கானிக் சுமார் ஐம்பது ரூபாய்ச் சாமானில் டிரான்ஸ்மிட்டர் செய்து, மூங்கில் கழியில் ஏரியல் கட்டி, ஊருக்குப் பாட்டும் சேதியும் போட்டுக்கொண்டிருந்தார். பத்திரிகைகளில் பேர் வந்தது. பின்னாலேயே அதிகாரிகள் வந்து நிறுத்தினார்கள். அதே வருடம் நவம்பரில் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி தொடங்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. தனி ஆளுக்கு அப்போதும் இடமில்லை.

இதற்கிடையில் கார் லைட்டர் துளையில் செருகும் குட்டிச் சாமான் ஒன்று கடைக்குக் கடை வந்துவிட்டது. செல்போன் பாட்டைக் காரின் ரேடியோவுக்கு அனுப்புவது. அது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரேதான், என் மாணவர்கள் சுற்றியதைவிட நிலையாக நிற்கும். அண்ணா சாலை சிக்னலில் என் ரேடியோவில் ஓடிய செய்தியை அமுக்கிக்கொண்டு பக்கத்து வண்டியின் இளையராஜா வந்ததுண்டு. டிரைவரிடம் சொன்னேன்: "தம்பி, உங்க ஸ்டேஷன் என் வண்டியில கேக்குது." அவர் சவுண்டைக் குறைத்தார், என் ரேடியோவில் அது குறையவே இல்லை.