யளனக: ஏலமலை அடிவாரத்தில் எழுத்துத் தொழில்

தேனி மாவட்டத்தின் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் இடத்தில் அமைந்த தேவாரம், மலைமேல் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு ஆளனுப்பும் ஊராகவும், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய சந்தை நகரங்களோடு கொடுக்கல் வாங்கல் கொண்ட ஊராகவும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இத்தகைய அடிவார ஊர்களின் வரலாற்றை எழுதுவோர் நிலத்தையும் நீரையும் ஏலக்காயையும் பற்றியே பெரிதும் பேசுகின்றனரே தவிர, இவ்வூர்களில் எழுதும் வேலை எவர் கையில் இருந்தது, அது பேனாவை விட்டு விசைப்பலகைக்குப் போனபோது யாருக்கு என்ன கிடைத்தது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தட்டச்சு இங்கே வெறும் கருவியாக வந்து சேரவில்லை. குடும்பத்தோடும் பழக்கத்தோடும் ஒட்டியிருந்த எழுத்துரிமையைக் கட்டணம் கட்டிக் கற்று, தேர்வெழுதிச் சான்றிதழாகப் பெறக்கூடிய தகுதியாக அது மாற்றியது.

தட்டச்சுக்கு முந்தைய நிலையில் கிராமத்தின் எழுத்து என்பது பெரும்பாலும் கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை எனப்பட்ட ஒருவரின் கையெழுத்தே ஆகும். எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்பதைக் காட்டும் அடங்கலும், ஒருவர் பெயரில் உள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டும் சிட்டாவும் அவர் கைப்பட எழுதியவை; அவற்றைச் சரளமாக வாசிப்பதற்கே பல வேளைகளில் அவர்தான் வேண்டியிருந்தது. அப்பதவி பெரும்பாலும் பரம்பரையாகவே வந்ததால், அந்தக் கையெழுத்தின் வளைவுகளும் சுருக்கக் குறிகளும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தரும், தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுபவரும், தோட்டத்தில் பெயர் கூப்பிட்டு ஆள்கணக்கு எழுதும் கங்காணியும் இதே ஏற்பாட்டின் வேறு வேறு படிகளில் நின்றனர். கையெழுத்து நன்றாக இருப்பது அக்காலத்தில் அழகு சார்ந்த செய்தி மட்டுமன்று, பிழைப்புக்கான முதலும் ஆகும். அந்த முதலைத் திரட்டப் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்படி உட்காரும் வாய்ப்பு எல்லாச் சாதியினருக்கும் இருந்ததில்லை, பெண்களுக்கோ அறவே இருந்ததில்லை.

அமெரிக்காவில் ஷோல்ஸ் வடிவமைத்து ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப்பொறி, இந்தியாவில் முதலில் ஆங்கிலத்துக்கு மட்டுமே பயன்பட்டது. நீதிமன்றங்களும் வணிக நிறுவனங்களும் தோட்ட அலுவலகங்களும் அதை விரும்பியதற்குக் காரணம் வேகம் மட்டும் என்று கொள்வது பிழையாகும். இடையில் கார்பன் தாள்களை வைத்து ஒரே அடியில் மூன்று நான்கு படிகள் எடுக்கலாம் என்பதும், எழுதியவர் எவராயினும் படிப்பவருக்கு ஒரே எழுத்து கிடைக்கும் என்பதும் அதைவிடப் பெரிய காரணங்களாக இருந்தன. அலுவலகம் என்ற அமைப்பே நகல்களின் மேல் நிற்பது என்பதால், கையால் படியெடுக்கும் எழுத்தர் கூட்டத்தின் வேலையை இப்பொறி மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது.

தமிழுக்கு இதே வசதியைக் கொண்டுவருவதில் இருந்த தடை எழுத்துகளின் எண்ணிக்கையாகும். 247 எழுத்துகளுக்கு 247 விசைகள் வைக்க இயலாது. ஆங்கிலப் பொறியிலோ ஏறத்தாழ 46 விசைகளே உண்டு, ஒவ்வொன்றிலும் மேலொன்று கீழொன்றாக இரண்டு வடிவங்கள் மட்டுமே அமையும். இந்தச் சிக்கலுக்கு நடைமுறைத் தீர்வு கண்டவராகப் பரவலாக அறியப்படுபவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையா ஆவார். 1907இல் மலாயா சென்று சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய முத்தையா, ஆங்கிலப் பொறிகளைக் கையாண்ட பட்டறிவைக் கொண்டு தமிழ் விசைப்பலகையை வகுத்து, ஜெர்மனியின் ஸைடல் அண்ட் நௌமன் நிறுவனத்தின் மூலம் அதைப் பொறியாகச் செய்வித்தார்.

அவர் வழியில் வந்த அமைப்பின் மையம் நகராவிசை என்பதாகும். பொதுவாக ஒரு விசையைத் தட்டினால் எழுத்து பதிந்தவுடன், தாளைச் சுமக்கும் உருளைத் தாங்கி, அதாவது பயில்வோர் கேரேஜ் என்று சொல்லும் பகுதி, ஓரிடம் நகரும். நகராவிசையைத் தட்டினால் குறி மட்டும் பதியும், கேரேஜ் அசையாது. எனவே ‘க்’ என்று அடிக்க விரும்புபவர் முதலில் புள்ளியை அடித்து, அது காற்றில் நிற்பது போல் தாளில் தனித்துத் தெரிய, அதன் கீழே ககரத்தை அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது எழுத்தை முடித்த பின் வைக்கும் புள்ளி, பொறியில் எழுத்துக்கு முன்னே வந்துவிடுகிறது. ‘கொ’ வேண்டுமானால் கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே மூன்று தட்டு. ‘கு’, ‘மு’, ‘து’ போன்ற உகர வடிவங்கள் ஒன்றோடொன்று ஒத்திராதவை என்பதால் அவற்றுக்குத் தனி இடம் தர வேண்டியிருந்தது. பலகையை வகுத்தவர்கள் ககரம் இருக்கும் விசையின் மேல்வடிவமாகவே ‘கு’வையும், மகரத்தின் மேல்வடிவமாக ‘மு’வையும் வைத்தனர். ஷிப்ட் விசையை அழுத்தினால் க என்பது கு ஆகும் இந்த ஏற்பாடு, பழகிய விரலுக்கு ஓர் இலக்கண விதி போலவே ஆகிவிடுவது, பலகையை வகுத்தவர்களின் நுண்ணறிவுக்குச் சான்றாகும்.

விரல்கள் ஓய்ந்திருக்கும் நடுவரிசையின் இடப்பக்கத்தில் ய, ள, ன, க என்பனவும், சுட்டுவிரல் சற்று நீண்டு தொடும் இடத்தில் பகரமும், வலப்பக்கத்தில் கால், த, ம, ட, புள்ளி என்பனவும் உள்ளன. அகர வரிசையோடு எவ்வித உறவும் இல்லாத இந்த ‘யளனக’தான் தமிழ்த் தட்டச்சு பயின்ற எவருக்கும் முதல் பாடம்.

எழுத்தின் வடிவம் பொறிக்கு இணங்கியதா, பொறி எழுத்துக்கு இணங்கியதா என்ற கேள்விக்கு இம்மலைத்தொடரின் இரு பக்கங்களிலும் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. மலைக்கு அப்பால் கேரள அரசு 1971இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்தி, உகர ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்து எழுதச் செய்தபோது அச்சையும் தட்டச்சையும் வெளிப்படையாகவே காரணம் காட்டியது. தமிழ்நாட்டில் பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட வடிவங்களை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஏற்றபோது, மாற்றம் 13 எழுத்துகளோடு நின்றது. யானைத் தும்பிக்கை எனப்பட்ட பழைய ஐகாரக் குறி ணை, லை, ளை, னை ஆகியவற்றிலிருந்து நீங்கியது, ணா, றா, னா ஆகியவையும் அவற்றைச் சார்ந்த ஒகர ஓகார வடிவங்களும் சாதாரணக் காலைப் பெற்றன. உகர வரிசை தொடப்படவில்லை. தட்டச்சின் பார்வையில் பெரும் சுமை அங்கேதான் இருந்தது என்பதையும், அச்சுமையைப் பலகையே முன்பே தாங்கிக்கொண்டுவிட்டதால் எழுத்தை மாற்ற வேண்டிய அவசரம் குறைந்தது என்பதையும் இங்குக் கருதிப் பார்க்கலாம்.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கிய பின், தமிழ்த் தட்டச்சு தெரிந்தவர்களுக்கான தேவை அரசு அலுவலகங்கள் தோறும் எழுந்தது. உள்நாட்டிலேயே பொறிகள் கிடைக்கத் தொடங்கியதும் அதே காலகட்டத்தில்தான். கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் முதல் இந்தியத் தட்டச்சுப்பொறியை வெளியிட்டது, பின்னர் சென்னை பெருங்குடியிலிருந்து ஃபேசிட் பொறிகளும் வந்தன. இவற்றை நாலைந்து வாங்கிப் போட்டு, ஓட்டுக் கட்டடத்தின் மாடியிலோ கடைத்தெருவின் பின்னறையிலோ நடத்தப்பட்ட தட்டச்சுப் பயிலகங்கள், சிற்றூர்ப் பேருந்து நிலையங்களைச் சுற்றி மாநிலம் முழுவதும் முளைத்தன. மாணவர் ஒரு மணி நேரத் தவணையில் வந்து, தாளின் இரு பக்கமும் நிரம்பும் வரை அடித்துவிட்டுப் போவர். பொறியின் மணி ஒலித்ததும் கேரேஜைத் தள்ளும் சத்தம் அந்தத் தெருவின் அடையாளமாகவே இருந்தது.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு இப்பயிலகங்களின் இலக்காகும். ஏட்டில் இளநிலை, முதுநிலை என்று வழங்கும் இத்தேர்வுகளை மக்கள் லோயர், ஹையர் என்றே சொல்வர். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள். ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்ற கணக்கில், பத்து நிமிட வேகத்தேர்வில் முறையே 1500 தட்டும் 2250 தட்டும் அடிக்க வேண்டும். இரண்டாம் தாளில் கடிதமும், ஸ்டேட்மென்ட் எனப்படும் அட்டவணையும் உண்டு. பத்திகளின் அகலத்தை மனத்தால் கணக்கிட்டுத் தாளின் நடுவே அமைப்பது வேகத்தைவிடக் கடினமான கலை என்பது பயிற்றுநர்களின் பொதுக் கருத்து.

இத்தேர்வின் சமூகப் பொருள் அதன் எண்களில் இல்லை. கையெழுத்துக்குப் பின்னால் எழுதியவரின் வீடு தெரியும். தட்டச்சுத் தாளிலோ பிழைகளின் எண்ணிக்கை மட்டுமே தெரியும். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பெண், தோட்ட வேலைக்கு அதிகாலை ஜீப்பில் மலையேறுவதற்கும் வீட்டில் இருப்பதற்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழியை இந்த ஒரு மணி நேரத்தில் கண்டாள். பயிலகத்துக்கு அனுப்புவதைக் குடும்பங்கள் தயக்கமின்றி ஏற்றதற்கு, அது படிப்பின் தொடர்ச்சி போலத் தோன்றியதும், திருமணம் வரையிலான காலத்தை மரியாதையாகக் கழிக்க உதவும் என்று கருதப்பட்டதும் காரணங்களாம். ஆனால் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிகளுக்கு இச்சான்றிதழ்களே அடிப்படைத் தகுதி என்பதால், காலம் கழிக்க அனுப்பப்பட்டவர்களில் பலர் வட்டாட்சியர் அலுவலகங்களில் நாற்காலி பெற்றனர்.

1980இல் தமிழ்நாடு அரசு பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்து, அவ்விடத்தில் தேர்வாணையம் வழியாக வரும் கிராம நிர்வாக அலுவலரை அமர்த்த முடிவு செய்தது, தட்டச்சோடு நேரடித் தொடர்பு அற்ற நடவடிக்கைதான். ஆயினும் எழுத்து வேலை பிறப்பால் வருவதன்று, தேர்வால் வருவது என்ற எண்ணம் அதற்கு முன்பே பயிலகங்கள் வழியாகச் சிற்றூர்களில் பரவியிருந்தது என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

கணினி வந்தபோது, விரலில் படிந்த பழக்கம் எத்தகைய வலிமையுடையது என்பது வெளிப்பட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தமிழ்99 என்ற விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்த இப்பலகையில் ககரத்தை இருமுறை தட்டினால் முதற் ககரம் தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் ‘ந்த’ ஆகும். மொழியின் ஒலியமைப்பை அறிந்து செய்யப்பட்ட, தட்டுகளைக் குறைக்கும் சிறந்த அமைப்பு இது. ஆனாலும் லோயர், ஹையர் முடித்த பல்லாயிரம் பேருக்கு அது தேவையற்ற இரண்டாம் பள்ளிக்கூடமாகவே தோன்றியது. அவர்களுக்காகவே பழைய தட்டச்சுப் பலகை கணினிக்குள்ளும் நுழைந்தது. நகராத கேரேஜ் என்ற ஒன்றே இல்லாத திரையில், மெய்க்கு முன்னே புள்ளியைத் தட்டும் வழக்கத்தைச் சில மென்பொருள்கள் அப்படியே காத்தன. புதிதாகக் கற்றவர்களோ மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்றவற்றின் வழியே ஆங்கில எழுத்தின் ஒலியைத் தட்டித் தமிழைப் பெறும் முறைக்குப் போயினர். தரமாக அறிவிக்கப்பட்ட பலகை இவ்விரு கூட்டத்துக்கும் நடுவே சிறுபான்மையாக நின்றதற்கு அதன் குறை காரணமன்று. அது வந்த காலமே காரணம்.

தட்டச்சுப் பயிற்சியே இல்லாதவர்களிடமும் விசைப்பலகை சென்று சேர்ந்த கதைக்குப் போடிநாயக்கனூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நறுமணப் பொருள் வாரியம் 2007இல் மின்னணு ஏலமுறையைக் கொண்டுவரும் வரை, ஏலக்காய் வணிகர்கள் மாதிரியைக் கையில் உருட்டிப் பார்த்து, வாய்விட்டு விலை கூறி வந்தனர். புதிய முறையில் மாதிரி முன்போலவே கைக்கு வருகிறது, மணமும் பச்சை நிறமும் முன்போலவே சோதிக்கப்படுகின்றன. விலை மட்டும் திரையில் ஓட, வணிகர் தம் முன்னுள்ள விசையைத் தட்டி அதை உயர்த்துகிறார். யார் கேட்ட விலை என்பதைக் குரலாலும் முகக்குறிப்பாலும் ஊகிக்கும் பழைய திறமைக்கு இங்கு வேலை குறைந்துபோனது.

பத்திரப் பதிவிலும் இதற்கிணையான மாற்றம் நேர்ந்தது. முத்திரைத் தாளில் கைப்பட எழுதிய ஆவணங்களை அலுவலக ஏடுகளில் மீண்டும் கையால் படியெடுத்து வந்த முறை, 2000ஆம் ஆண்டுக்குப் பின் பதிவுத்துறை கணினிமயமானதோடு மறைந்தது. பத்திர எழுத்தர் மறையவில்லை; பேனாவை வைத்துவிட்டு ஒரு தட்டச்சரை அருகில் அமர்த்திக்கொண்டு, ‘நான்கு மால்’ எல்லைகளை வாயால் சொல்லத் தொடங்கினார். இ-சேவை மையங்களில் பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பிக்க வருவோரின் பெயரையும் தந்தை பெயரையும் கேட்டுத் தட்டும் இளைஞர், தாலுகா வாசலில் மனு எழுதியவரின் இடத்தையே எடுத்துக்கொண்டிருக்கிறார். கட்டணப் பட்டியல் மட்டும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இதற்கிடையே கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் அலுவலகத் தட்டச்சுப்பொறி உற்பத்தியை நிறுத்திவிட்டது. அரசுத் தேர்வோ 2020களின் முற்பகுதி வரையிலும் பொறியிலேயே நடந்து வந்ததால், பயிலகங்கள் கெட்டுப்போன பொறிகளிலிருந்து உதிரிகளைக் கழற்றி ஓடும் பொறிகளுக்குப் பொருத்தியும், ரிப்பனுக்கு மதுரைக்கும் சென்னைக்கும் சொல்லி அனுப்பியும் வகுப்புகளை நடத்தின. அலுவலகத்தில் சேர்ந்த பின் ஒருநாளும் தொட வாய்ப்பில்லாத பொறியில், அலுவலகத்தில் சேர்வதற்காகவே, மாலை வேளைகளில் மாணவர்கள் யளனக அடித்துக்கொண்டிருந்தனர். தட்டச்சராகத் தேர்வானவர் ஆபீஸ் ஆட்டோமேஷன் என்ற கணினிச் சான்றிதழையும் தனியே பெற வேண்டும் என்று அரசு விதித்திருந்தது.