முதியோர் சொல்லும் மருத்துவர் செவியும்

"போய்ச் சேர்ந்தால் போதும்" என்பது முதியோர் வாயில் எளிதாக வரும் சொல். அதைக் கேட்டோர் கொண்ட பொருளோ காலந்தோறும் மாறி வந்துள்ளது.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் நீத்ததைச் சங்கச் சான்றோர் போற்றினர். 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டமோ தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. அதே 309-ஆம் பிரிவு மலாயாவின் சட்டத்திலும் இடம்பெற்றது. இங்கிலாந்து 1961-இல் இக்குற்றத்தை நீக்கியது. மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. தண்டனைக்கு அஞ்சுவோர் உதவி நாடத் தயங்குவர் என்பதே நீக்கக் கோரியோரின் வாதம்.

மருத்துவத்தின் செவி வேறு வழியில் திறந்தது. 1967-இல் இலண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறுதிக்கால நோயாளியின் வலி உடலோடு நிற்பதன்று; மனம், குடும்பம், ஆன்மா அனைத்தையும் தொடுவது என்றார். கனடாவின் ஹார்வி சொச்சினோவ் குழுவினர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாயிற்று. மரணத்தை நெருங்கிய 200 நோயாளிகளுள் 44.5 விழுக்காட்டினர் அவ்வப்போதேனும் சாவை விரும்பினர். அவ்விருப்பம் உறுதியாக நிலைத்தவர் 8.5 விழுக்காட்டினரே. இவர்களுள் 58.8 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது, ஏனையோருள் 7.7 விழுக்காட்டினருக்கே இருந்தது. ஆகவே சாவை விரும்பும் சொற்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல.

நம் நாட்டில் 1991-இல் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றி, நோயாளியின் இல்லம் தேடிச் சென்று தொண்டாற்றத் தொடங்கியது. வலிதணிப்பு மருத்துவத்திற்கான தேசியக் கொள்கை 2019-இல் வந்தது.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த தமிழருக்கு இவ்வரலாறு நெருக்கமானது. வேலை உள்ளவரைதான் லயத்து வீடு. உழைப்பு ஓய்ந்ததும் வீடும் போயிற்று. பிள்ளைகள் நகரம் சென்றனர். இன்று தோட்டங்களிருந்த புஞ்சாக் ஆலாமில் அல்-சுல்தான் அப்துல்லா பல்கலைக்கழக மருத்துவமனை நிமிர்ந்து நிற்கிறது. அங்கே ஒரு பாட்டி, "சாமி என்னைக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்" என்றால், மருத்துவர் அதை எவ்வாறு கொள்வது? கிழப்புலம்பல் என்று தள்ளினால் தீர்க்கக்கூடிய மனச்சோர்வு தீராமற்போகும். நோய் என்றே முடிவு கட்டினால், நிறைவாழ்வு வாழ்ந்தவரின் அமைதியான விடைபெறல் புரியாமற்போகும். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற வேதனையும் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கலாம்.

எது என்பதை அறியக் கருவிகள் மட்டும் போதா; அருகமர்ந்து, அவர் மொழியிலேயே, "ஏன் அப்படிச் சொல்கிறீர்கள், பாட்டி?" என்று கேட்பதே வழி. அக்கேள்வியைக் கேட்கும் கடமை மருத்துவருக்கு மட்டுமன்று, பெற்ற பிள்ளைகளுக்கும் உண்டு.