நகலெடுக்கும் கையும் ஒத்துப் பார்க்கும் கண்ணும்

வழக்கறிஞர் அலுவலகத்துக்குச் செல்லும் கட்சிக்காரர் முதலிற் காண்பது காகிதக் கட்டுகளையே. வக்காலத்து, அதிகாரப் பத்திரம், பிரமாண வாக்குமூலம் ஆகியவற்றின் வாசகம் பெரும்பாலும் மாறுவதில்லை. பெயரும் ஊரும் தேதியுமே மாறுகின்றன. மாறாததைத் திரும்பத் திரும்ப எழுதும் சுமையை மனிதன் பொறியிடம் ஒப்படைத்த வரலாற்றை இன்று நோக்குவோம்.

தொடக்கத்தில் யாவும் கைவேலையே. குமாஸ்தா நகல் எழுதுவார். பின்னர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூலத்தோடு ஒத்துப் பார்ப்பார். 1780-இல் ஜேம்ஸ் வாட் காப்புரிமை பெற்ற பொறி, எழுதிய கடிதத்தின்மீது ஈரமான மெல்லிய தாளை அழுத்திப் பிரதி எடுத்தது. 1806-இல் ரால்ப் வெட்ஜ்வுட் கார்பன் தாளுக்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் ரெமிங்டன் நிறுவனத்தாரின் தட்டெழுத்துப் பொறி விற்பனைக்கு வந்தது. பின்னர் இவ்விரண்டும் இணையவே, ஒருமுறை தட்டிப் பல பிரதிகள் எடுக்க முடிந்தது.

இப்பொறிக்கும் நமக்கும் நெருங்கிய உறவு உண்டு. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்று, பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் ரயிலேறிய தமிழர் பலர். நம்முள் சிலருடைய தந்தையரும் பாட்டனாரும் அவ்வழி வந்தவரே. 1955-இல் கோத்ரெஜ் நிறுவனத்தார் இப்பொறியை இந்தியாவிலேயே உருவாக்கினர்.

ஆயினும் ஒரு வரி தவறினால் பக்கம் முழுவதையும் மீண்டும் அடிக்க நேர்ந்தது. 1964-இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட காந்த நாடாத் தட்டெழுத்துப் பொறி அக்குறையைக் களைந்தது. வாசகம் நாடாவில் நிலைத்தது. திருத்த வேண்டியதை மட்டும் திருத்தினால் எஞ்சியதைப் பொறியே அடித்துத் தந்தது. இன்று கணிப்பொறி, பெயர்களைக் கொடுத்த அளவில் நூறு பத்திரங்களை நொடியில் நிரப்புகிறது.

இதனால் காலமும் செலவும் குறைகின்றன, ஐயமில்லை. ஆனால் கையெழுத்துப் பிழை ஒரு பத்திரத்தைக் கெடுத்தது. மாதிரிப் படிவத்தின் பிழையோ நூறு பத்திரங்களையும் கெடுக்கும். சொந்த ஊர் நிலத்தை விற்க நாம் அனுப்பும் அதிகாரப் பத்திரத்தில் சர்வே எண் ஒன்று மாறினாலும் வரும் தொல்லை பெரிது. சட்டமும் இதில் விழிப்பாகவே இருக்கிறது: 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களை ஏற்றபோதும் உயிலை விலக்கியே வைத்தது. அது பொதுவாக இன்றும் காகிதத்தில், சாட்சிகள் இருவரின் கையொப்பத்தோடு அமைய வேண்டும்.

எழுதும் உழைப்பைப் பொறி ஏற்றுக்கொண்டது, பொறுப்பை ஏற்கவில்லை. ஒத்துப் பார்த்த அந்தப் பழைய குமாஸ்தாவின் வேலை இன்னும் முடியவில்லை. கையொப்பமிடுமுன் ஒரு முறை முழுவதும் படிப்போமாக.