பேழை வாயில் பகிர்வு (நாடா நூலகம்)

தானியங்கி நாடா நூலகம் ஒன்றைப் பல வழங்கிகள் பயன்படுத்தும்போது, நாடாப்பேழைகளை உள்ளிடவும் வெளியே எடுக்கவும் உதவும் வாயிலை அவை முறைவைத்துப் பயன்படுத்தச் செய்யும் ஏற்பாடே பேழை வாயில் பகிர்வு எனப்படும். இவ்வாயிலை ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் கேப் என்றும், ஐபிஎம் நிறுவனம் ஐ/ஓ ஸ்டேஷன் என்றும் பெயரிட்டன. தரவு மையங்களின் பேச்சுவழக்கில் மெயில் ஸ்லாட் என்றும் கூறுவர்.

அமைப்பு

நூலகத்தின் உள்ளே ரோபோ கை பட்டைக்குறியைப் படித்து, வேண்டிய பேழையை எடுத்து நாடா இயக்கியில் பொருத்துகிறது. கை இயங்கும் பகுதியின் பெருங்கதவைத் திறந்தால் அதன் இயக்கம் நின்றுவிடும். ஆகவே அன்றாட வரவும் செலவும் சிறிய வாயில் வழியாகவே நடைபெறுகின்றன. 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டோரேஜ்டெக் எஸ்எல்8500 ஏறத்தாழ 10,000 பேழைகளைக் கொள்ளக்கூடியது. அதன் ஒரு கேப்பில் இருப்பதோ 39 இடங்கள்.

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். உள்ளே எத்தனை படகுகள் நின்றாலும் கடலுக்குச் செல்ல முகத்துவாரம் ஒன்றே; அங்கே மணல் தூர்ந்தால் எல்லாப் படகுகளும் காத்திருக்க வேண்டியதுதான்.

உரிமைச் சிக்கல்

இங்கே காத்திருப்பை விடப் பெரிய இடர் உரிமைக் குழப்பம். ஸ்கசி நெறிமுறை நூலகத்தின் உறுப்புகளை ரோபோ கை, சேமிப்பு அறை, வாயில், இயக்கி என நான்காக வகுக்கிறது. வாயிலில் உள்ள பேழையை வைத்தது மனிதரா, ரோபோ கையா என்பதை ஒரு பிட் தெரிவிக்கும். ஆனால் அப்பேழை யாருக்குரியது என்பதை அந்த பிட் தெரிவிப்பதில்லை. ஒரு துறையின் காப்புப் பேழையை மற்றொரு துறையின் வழங்கி உள்ளிழுத்து, வெற்றுப் பேழையெனக் கருதி எழுதிவிட்டால் பழைய தரவை மீட்க இயலாது.

கதவுப் பூட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பேழையை அகற்றுவதைத் தடுக்கும் ஸ்கசி கட்டளையை இரு வழங்கிகள் அனுப்பியிருந்தால், இரண்டும் தடையை நீக்கிய பின்னரே கதவு திறக்கும். ஒன்று நீக்க மறந்து செயலிழந்தால், மறு தொடக்கம் போன்ற மீட்டமைப்பு நிகழும் வரை தடை நீடிக்கக்கூடும். வெளியூர்க் காப்பகத்திற்குப் பேழைகளை ஏற்றிச்செல்ல வண்டி வந்து நிற்கும் வேளையில்தான் பெரும்பாலும் இது தெரியவரும்!

தீர்வு முறைகள்

ஸ்டோரேஜ்டெக்கின் ஏசிஎஸ்எல்எஸ் மென்பொருள், வழங்கிகளுக்கும் நூலகத்திற்கும் இடையே நின்று வாயிலை ஒதுக்கித் தருகிறது. ஒவ்வொரு கேப்பிற்கும் 0 முதல் 16 வரை முன்னுரிமை எண் தரலாம். 0 எனில் மென்பொருள் தானாக அதைத் தேர்ந்தெடுக்காது. தானியங்கு நிலையில் உள்ள கேப்பை எப்போதும் திறந்து பேழையிடலாம். கைமுறை நிலையில் உள்ளிடும் அல்லது வெளியேற்றும் கட்டளை வந்தால் மட்டுமே பூட்டு திறக்கும். பல பிரிவுகள் பகிரும் கேப்பிற்குக் கைமுறை நிலையே பொருந்தும். யாருக்காகத் திறக்கிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? ஒரு பிரிவு முன்பதிவு செய்த கேப்பை, அது விடுவிக்கும் வரை பிற பிரிவுகள் பயன்படுத்த இயலாது.

ஐபிஎம் டிஎஸ்3500 வேறு வழியை நாடியது. அதில் மெய்நிகர் வாயில் வசதியை இயக்கினால், உள்ளிட்ட பேழை உடனே சேமிப்பு அறைக்குச் செல்லும். வழங்கிக்கோ அது இன்னும் வாயிலிலேயே இருப்பதாகத் தோன்றும். ஒரு தருக்க நூலகத்திற்கு இத்தகைய 255 இடங்கள் வரை தரலாம். உண்மையான வாயில் விரைவில் காலியாவதால் நெரிசல் குறைகிறது. பேழையின் தொடர் எண் வரம்பைக் கொண்டு உரிமையாளரை முன்னரே குறித்து வைக்கவும் முடியும். மேலோட்டமாகச் சுற்றிவளைப்பது போலிருந்தாலும், உரிமைச் சிக்கலை நேராக எதிர்கொள்வது இம்முறையே.

கட்டற்ற மென்பொருள்கள்

லினக்சில் பயன்படும் எம்டிஎக்ஸ் நிரல் பேழையை நகர்த்துமேயன்றி, வாயிலை எவருக்கும் ஒதுக்கி வைக்காது. பகுலா காப்புநகல் மென்பொருள் நூலகத்தை இயக்க எம்டிஎக்ஸையே அழைக்கிறது. வேறொருவர் முனையத்திலிருந்து நேரடியாக எம்டிஎக்ஸ் கட்டளையிட்டுப் பேழையை இடம் மாற்றினால் பகுலா அதை அறியாது. இடங்களின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளையைப் பகுலாவில் தனியே இட வேண்டும்.