பார்வை வந்துடுச்சு, பார்க்கத் தெரியலை

ஏற்காடு வெள்ளக்கடைப் பக்கம் காலைப் பனிமூட்டத்துல நின்னிருக்கீங்களா? எதிர்ல மங்கலா ஏதோ தெரியும். மிளகுக்கொடி ஏறின சில்வர் ஓக் மரமா, ஆளா? மூளை கொஞ்ச நேரம் தடுமாறும். அது லேசா அசைஞ்சா போதும், ஆளுன்னு முடிவு பண்ணிடும்.

இந்தத் திறமை பிறவியிலேயே வருதா? 1688-ல அயர்லாந்துக்காரர் வில்லியம் மாலினோ, தத்துவவாதி ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியில இருந்தே பார்வையில்லாதவர், உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுத்தான் அறிஞ்சவர். திடீர்னு பார்வை வந்தா, தொடாமலே எது எதுன்னு சொல்வாரா? மாலினோவோட மனைவி பார்வை இழந்தவங்க. அதனால எனக்கு இது வெறும் தத்துவ விளையாட்டாத் தோணலை.

முந்நூறு வருஷத்துக்கு மேல வாதம் நடந்தது. பதிலுக்குப் பக்கமா நம்மைக் கொண்டுபோனது இந்தியக் குழந்தைகள். எம்ஐடி பேராசிரியர் பவன் சின்ஹா டெல்லியில தொடங்கின 'பிராஜெக்ட் பிரகாஷ்'ல ஆபரேஷன் ஆன 5 பேர், 8 முதல் 17 வயசு. 2011-ல முடிவு வெளியாச்சு. ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டே நாள்ல சோதிச்சாங்க. பார்த்த பொருளை மறுபடி பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னா 92 சதவீதம் சரி. தொட்ட பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னா 58. கண்ணை மூடிக்கிட்டு ஊகிச்சாலே 50 வரும்!

ஆனா சில நாள்லயே அந்த மார்க் ஏறுச்சு. அதுதான் பெரிய விஷயம். ஏன்னா, 'வயசு தாண்டிடுச்சு, இனி ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லை'ங்கிற நம்பிக்கை மருத்துவத்துல ரொம்ப நாளா இருந்தது.

இதே திட்டத்துல இன்னொண்ணும் கவனிச்சாங்க. புதுசாப் பார்வை வந்தவங்களுக்கு, ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்ச உருவங்கள் துண்டு துண்டாத்தான் தெரிஞ்சுது. அசைச்சுக் காட்டினதும் முழுசாப் புரிஞ்சுது.