வில்லும் கலைவாணரும்

போர்க்களத்தில் நாணொலி எழுப்பி அச்சுறுத்திய வில்லைப் பாட்டிசைக்கும் கருவியாக்கியவர்கள் தென்பாண்டி நாட்டு மக்கள். வில்லும், குடமும், உடுக்கும், தாளமும் கூடி முழங்க, நெல்லை, குமரி மாவட்டக் கோயிற்கொடைகளில் விடிய விடியக் கதை பாடுவது அவர்கள் மரபு. ஈழத்திலும், கோணேசர் வீற்றிருக்கும் திருகோணமலைத் துறைமுகப் பகுதி உள்ளிட்ட தமிழூர்களில், இக்கலை அறிமுகமானதே.

பட்டணத்து இரசிகர்கள் இதனை நாட்டுப்புறத்தார் பாட்டென்று ஒதுக்கிய காலம் உண்டு. அதன் அருமையை உணர்ந்தவர் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த அவர், இளமையிலேயே வில்லுப்பாட்டில் பயின்றவர். திரையுலகில் புகழேணியின் உச்சியை அடைந்தபின்னும் அவர் வில்லை மறந்தாரில்லை. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு 1947இல் விடுதலையான பின்னர், நெல்லைச் சீமையினரான இளங்கவிஞர் சுப்பு ஆறுமுகத்தின் ஆற்றலைக் கண்டு வியந்து, அவரைச் சென்னைக்கு அழைத்தார். காந்தியடிகளின் வரலாற்றை வில்லுப்பாட்டாக எழுதச் செய்து, தாமே மேடையேறிப் பாடினார். தெய்வக் கதை சொன்ன வில், தேசத்தின் கதையும் சொல்லலாயிற்று.

கலைவாணர் 1957இல், நாற்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். சுப்பு ஆறுமுகமோ பல்லாண்டு வில்லிசைத்து, முதுமையில், 2021ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார். நாடு தந்த பாராட்டுக்கு எழுபதாண்டுகளுக்கு மேல் பிடித்தது. கலைவாணருக்கோ ஒருமுறை கேட்டதே போதுமானதாயிருந்தது. பிறரைச் சிரிக்க வைத்தவர், பிறர் நகைத்து ஒதுக்கிய கலையை மதித்தார். அம்மதிப்பே அக்கலையை வாழவைத்தது.